டேட்டா கிரிட் உரிமத் தொகையைத் திருப்பித் தரக் கோரி ஐந்தாவது கடிதம்

வணக்கம்.

உங்கள் டேட்டா கிரிடில் (வலைப் பக்கத்தில் அட்டவணை காட்டும் மென்பொருள் கூறு) உள்ள பிழைகளுக்காக நான்கு டிக்கெட் (புகார்) போட்டோம். நான்கையும் 'தீர்க்கப்பட்டது' என்று நீங்களே மூடிவிட்டீர்கள். எது தீர்ந்தது என்று தெரியவில்லை.

எங்கள் கோடே வேண்டாம், உங்கள் டெமோ பக்கத்தைத் திறங்கள். 10,000 வரிசை உள்ள கிரிடில் 12-ஆம் வரிசையில் ஒரு செல்லைக் கிளிக் செய்து, மவுஸ் சக்கரத்தால் 200-ஆம் வரிசைவரை உருட்டுங்கள். இப்போது கீழ் அம்புக்குறியை அழுத்தினால் செல் நகராது, பக்கம் வேண்டுமானால் நகரும். ஃபோகஸ் (கீபோர்டு அழுத்தம் போய்ச் சேரும் இடம்) எங்கே என்று பிரவுசர் கன்சோலில் டாக்குமென்ட்.ஆக்டிவ்எலிமென்ட் மூலம் கேட்டால் 'பாடி' என்று வரும், அதாவது எந்தச் செல்லிலும் இல்லை. திரையில் தெரியும் வரிசைகளை மட்டும் வைத்திருக்கும் உங்கள் வர்ச்சுவல் ஸ்க்ரோல், திரையை விட்டுப் போன வரிசையை டாமிலிருந்து (பிரவுசர் வைத்திருக்கும் பக்க அமைப்பு) பிடுங்கிவிடுகிறது, ஃபோகஸும் கூடவே போகிறது. ஃபோகஸ் இருக்கும் அந்த ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்தால் போதும். உங்கள் பொருளை உங்களுக்கே நாங்கள் விளக்க வேண்டியிருக்கிறது!

ஸ்கிரீன் ஷேரில் வந்த உங்கள் ஆள் நோட் மாட்யூல்ஸை (பேக்கேஜ்கள் இருக்கும் ஃபோல்டர்) அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னார். மூன்று தடவை. டெமோவிலும் இதே கதைதானே என்றதற்கு, "கீபோர்டை யார் சார் யூஸ் பண்றாங்க? மவுஸ்ல போகச் சொல்லுங்க" என்றார். டேட்டா என்ட்ரி திரைக்கு! 'டபிள்யூசிஏஜி 2.2 ஏஏ' (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வலைப் பக்கம் இருக்க வேண்டிய தரநிலை) என்று விலைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டவர்கள் நீங்கள். அதில் 2.1.1 கீபோர்டைப் பற்றியது என்று தயவுசெய்து அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தமிழ்ப் பெயர் அடுக்குவதும் இதே லட்சணம்தான். பவானிக்கு முன்னால் பனிமலர் வந்து நிற்கிறாள். வெறும் யூனிகோட் எண்ணை வைத்து அடுக்கினால் அப்படித்தான் வரும்: ன 0பிஏ9, வ 0பிபி5. நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. மொழிக்கேற்ப அடுக்கித் தரும் பிரவுசரின் இன்ட்ல்.கொலேட்டருக்கு 'டிஏ' (தமிழ்) என்று கொடுத்தால் ஒரே வரியில் சரியாகிவிடும். எது முன்னால் வர வேண்டும் என்று சொல்லும் கம்பேரட்டரை நாங்களே எழுதிக் கொடுத்தும் பார்த்தோம். வரிசைகளைக் குரூப் செய்தவுடன் உங்கள் கிரிட் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

மவுஸில் போகச் சொல்லுங்களாம்! இந்த ஒரு கிரிடால் எங்கள் வருடமே பாழ்.

ஐந்து டெவலப்பர் உரிமத்தின் முழுத் தொகையையும் 10 நாளில் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வராவிட்டால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடுவோம், வக்கீல் நோட்டீஸும் வரும். ஃபோகஸ் பிழையை மட்டும் இந்த வாரமே திருத்தி வெளியிட்டால் தொகை குறித்துப் பேசலாம்.

பதிலை அந்த ஸ்கிரீன் ஷேர் நபர் எழுத வேண்டாம்.