பழைய கார் சுழன்றால் பெடலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் 'அசெட்டோ கோர்சா' போன்ற கார்ப் பந்தய விளையாட்டுகளை நடத்தும் கடைக்காரருக்கும், வீட்டு மேசையில் ஸ்டியரிங் பூட்டி வைத்திருக்கும் பொடியன்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறோம். "லோட்டஸ் 49 காரணமில்லாமல் சுழலுது, கேம் சரியில்லை" என்பதுதான் அதிகம் கேட்கும் குறை. பெரும்பாலும் பிழை கேமில் இல்லை, காலடியில் இருக்கிறது.

1967 இல் வந்த அந்தப் போர்மியூலா 1 பந்தயக் காருக்கு 3 லீட்டர் வி8 எஞ்சின். 400 குதிரைவலு அளவில் சக்தி, எடையோ 500 கிலோவை அண்டியது. போர்மியூலா 1 கார்களுக்கு இறக்கை பூட்டத் தொடங்கியது 1968 இல்தான். ஆகவே வேகம் கூடினாலும் காற்று இந்தக் காரைத் தரையோடு அமுக்காது. வளைவின் நடுவில் அக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னுக்குப் போகும், பின்சக்கரம் இலேசாகும், கார் சுழன்றுவிடும்.

கால் அசையாமலே அக்சிலேட்டர் விடுபடுவதும் உண்டு. லொஜிடெக் ஜி27, ஜி29 ஸ்டியரிங் செட்டுகளின் பெடல்களுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீற்றர். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழுக்குள் இருக்கும் அதே சாமான். தூசும் ஈரமும் படிந்தால் தொடுகை விட்டு விட்டு வரும். ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் கல்லடி, நாவலடிப் பக்கம் உப்புக்காற்றுக்கு இது இன்னும் சீக்கிரம். அதே கோளாறுக்கு ரேடியோ கரகரக்கும், இங்கே கார் சுழலும்.

விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பகுதியில் புரொப்பர்ட்டீஸைத் திறந்து பெடலை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். கோடு வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். துள்ளினால், கேபிளைக் கழற்றி, பெடல் பெட்டியின் அடி மூடியைத் திறந்து, பொட்டென்ஷியோமீற்றரின் கால்கள் வெளிவரும் இடைவெளிக்குள் கொண்டாக்ட் கிளீனரை (மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் ஸ்பிரே) சிறிது அடியுங்கள். பெடலை 30 தடவை முழுதாக அழுத்தி விட்டு, அரை மணித்தியாலம் காயவிடுங்கள். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அதன் பசையில் தூசு திரும்பவும் ஒட்டும். கரண்ட் போய் வந்தால், ஓடத் தொடங்குமுன் மூன்று பெடலையும் ஒருமுறை அடிவரை அழுத்துங்கள்.

அடுத்தது பார்வைக் கோணம், அதாவது திரையில் மேலிருந்து கீழாக எவ்வளவு அகலமாகக் காட்ட வேண்டும் என்று கேமில் வைக்கும் அளவு. 24 அங்குலத் திரையின் உயரம் 30 செ.மீ. அளவில் வரும். கண் 60 செ.மீ. தள்ளியிருந்தால் சரியான கோணம் 28 பாகை. கடைகளில் 55, 60 என்று கிடந்தால் வளைவு உள்ளதைவிடத் தூரத்தில் தெரியும், பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதும் கண்ணுக்குப் பிந்தித்தான் படும்.

ஸ்டியரிங் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுழலும் அளவை 900 பாகையிலேயே விடுங்கள். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது), டிராக்ஷன் கன்ட்ரோல் (சக்தி கூடிச் சக்கரம் வழுக்காமல் தடுப்பது) இரண்டையும் 'ஃபெக்டரி'யில் வைத்தால் அசல் காரில் இருந்தது மட்டும் வேலை செய்யும். 49 இல் இரண்டுமே இல்லை. பிரேக் அழுத்தி முன்சக்கரம் உருளாமல் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேரேதான் போகும். பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் திரும்பும்.

கியர் குறைக்கும்போது வலது காலின் முன்பாதம் பிரேக்கில் இருக்க, அதன் ஓரத்தால் அக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினின் சுற்றைக் கூட்ட வேண்டும். தட்டாமல் கிளச்சை விட்டால் பின்சக்கரம் பூட்டும். முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் விழும்போது சுற்றைத் தானே ஒத்துவைக்கும் பாகம்) இல்லாத மொரிஸ் மைனரை ஓட்டிய நம்மூர்ப் பெரியவர்களுக்கு இந்தத் தட்டு புதிதல்ல.

புதிதாக வருபவருக்கு எடுத்த எடுப்பிலேயே 49 ஐக் கொடுக்க வேண்டாம். அதே விளையாட்டில் அபார்த் 595 எஸ்எஸ் என்ற சின்னக் கார் இருக்கிறது. அதில் கால் பழகட்டும்.

இப்படிக்கு,
கார்ப் பந்தய விளையாட்டு ஆர்வலர் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.