மகளின் ஜன்னலை இருட்டாக்கியவனுக்கும் மிட்டிமாட்டலிக் ஊராருக்கும்

மிட்டிமாட்டலிக் ஊராருக்கும், எங்களுக்காகக் கவலைப்பட்டுக் காத்திருந்த உறவுகளுக்கும் வணக்கம்.

மகள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லும் திராணி எனக்கு இன்னும் வரவில்லை. சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், தூங்குகிறாள். அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும்.

மே மாதத் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை கனடாவின் பாஃபின் தீவின் வடபகுதியில் இருக்கும் எங்கள் ஊரில் சூரியன் மறைவதில்லை. நள்ளிரவிலும் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடுவார்கள். கடல் இன்னும் உறைந்தே கிடக்கிறது. அதில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் சேர்ந்து வீட்டுக்குள் பாயும். இக்கலுயிட் நகர மருத்துவமனையில் விடைபெறும்போது, அவள் நன்றாகத் தூங்க வேண்டும் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அறையிலோ ஒரு மெல்லிய திரைச்சீலைதான். 1,000 கிலோமீட்டருக்கும் மேலான அந்த விமானப் பயணம் முழுக்க எனக்கு அதே கவலை.

வீட்டுக்கு வந்து அவள் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் முழுவதும் அட்டை, அதன்மேல் அலுமினியத் தாள், ஓரங்களில் துளி வெளிச்சமும் நுழையாதபடி ஒட்டுநாடா.

செய்தவன் என் ஆறாம் வகுப்பு மாணவன். எங்கள் வகுப்பு உதவியாளரிடம் தொலைபேசியில் இந்தத் தூக்கக் கவலையைச் சொல்லிப் புலம்பியிருந்தேன். அவர் அவனுடைய அத்தை. எங்கள் வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருந்தது. பாட்டியின் சமையலறையிலிருந்து தாளை வாங்கி, கடையில் அட்டைப் பெட்டிகள் கேட்டு, அவனாகவே வந்து ஒட்டியிருக்கிறான். ஒட்டி முடித்ததும் தெருப் பிள்ளைகளிடம் போய், இந்த வீட்டுப் பக்கம் கொஞ்ச நாள் யாரும் சத்தம் போடக் கூடாது என்று சொன்னானாம். மறுநாளே தாத்தாவோடு கூடாரம் அடிக்கக் கிளம்பிவிட்டான். நேரில் நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை அவன். வசந்தம் வந்துவிட்டால் அவன் இருக்கை பல நாள் காலியாகத்தான் இருக்கும். ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டியின் பின்னே கமுத்திக் சறுக்குவண்டியைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கடற்பனிமேல் போகும் பருவம் இது. சீல் என்னும் கடல்நாய்கள் பனிமேல் ஏறி வெயில் காயும். எதிரே பைலாட் (Bylot) தீவுக்குப் பனிவாத்துகள் வந்திறங்கும். எந்த விரிசலைத் தாண்டலாம், எதைச் சுற்றிப் போக வேண்டும் என்று தாத்தா அவனுக்குக் காட்டிக் கொடுக்கிறார். அதுவும் படிப்புதான். வருகைப் பதிவேட்டில் அதற்கு இடமில்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடுத்த வசந்தத்தில் மாணவர்களோடு நானும் பனிக்குப் போவேன். கடற்பனியின் தடிமனை அவர்கள் அளக்கட்டும், கணக்குப் பாடத்தை அங்கேயே வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் சொல்லித்தருவதை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொள்வேன். இது நான் கொடுக்கும் வாக்கு.

சுகாதார நிலையச் செவிலியர்கள், அந்தக் காற்றிலும் விமானத்தை இறக்கிய விமானிகள், என் வகுப்பைச் சேர்த்துப் பார்த்துக்கொண்ட சக ஆசிரியர்கள், உள்ளூர் வானொலியில் எங்களுக்காகப் பிரார்த்தித்த பெரியவர்கள், டொரொன்டோவிலிருந்து நேரம் பாராமல் அழைத்த அக்கா, அத்தான், நண்பர்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே எழுத ஆசைதான். கை இன்னும் நடுங்குகிறது.

வாசலறையில் யாரோ ஒரு நீலப் பாத்திரம் நிறைய மீன் சூப் வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள். மகள் இரண்டு கிண்ணம் குடித்தாள். யாருடைய பாத்திரம் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் சொல்லவில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சனிக்கிழமை மாலை சோறும் சாம்பாரும் சமைக்கிறேன். பாத்திரத்துக்குரியவர் அவசியம் வர வேண்டும். முகாமிலிருந்து திரும்பியிருந்தால் அவனும் தாத்தாவும் பாட்டியும் வர வேண்டும்.