மகளே, பேலிக்ஸை நினைத்துப் பார்

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பியின் வேலை விஷயம் இன்னும் முடிவாகவில்லை. மற்றதையெல்லாம் அம்மா எழுதுவாள். நேரத்துக்குத் தூங்கு. போனில் உன் குரல் களைத்திருந்தது.

அன்றைக்குப் பேசி முடித்தபோது, ஜெபம் செய்துவிட்டு வைக்கலாமா என்று கேட்டேன். ‘பிறகு செய்யலாம் அப்பா’ என்றாய். வேலை இருந்திருக்கும். ஆனால் நீ ஆலயத்தில் திருவிருந்து எடுத்து எத்தனை மாதமாயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

உன்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு உடம்பு முடியாதபோது இரவெல்லாம் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தாயே, அதை அம்மா சொல்லாத ஆள் இல்லை. நானும் சொன்னேன். இப்படி ஒரு பிள்ளையைத் தந்தாரே என்று தேவனுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. எனக்குப் பயமும் அங்கேதான். ஒழுங்காக வாழ்கிறவளுக்கு இரட்சகர் எதற்கு என்ற எண்ணம் தெரியாமலே வந்துவிடும். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் ஒரு பணக்காரன் இயேசுவிடம் ஓடிவந்து முழங்கால்படியிட்டானே, அவன் கெட்டவனா? சிறுவயது முதல் தேவனுடைய கட்டளைகளைக் கைக்கொண்டவன். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்பதை மாற்கு மட்டும்தான் எழுதுகிறார். அவ்வளவு அன்போடு பார்த்தவர், உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றதும் அவன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது கையைப் பிடித்து இழுக்கவில்லை. போகவிட்டார். அந்த வசனத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

தன்னை நம்பவில்லை என்பதற்காக ஒருவரைத் தேவன் தள்ளிவிடுவாரா என்று போன முறை வந்தபோது கேட்டாய். அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். யோவான் மூன்றாம் அதிகாரத்தில் பதினாறாம் வசனத்தோடு நாம் நிறுத்திவிடுகிறோம். மேலே வாசி. உலகத்தை ஆக்கினைக்குள்ளாக, அதாவது தண்டனைக்குள்ளாகத் தீர்க்க அவர் குமாரனை அனுப்பவில்லை. ஒளி வந்திருந்தும் மனிதர் இருளை விரும்பியதுதான் ஆக்கினைத்தீர்ப்புக்குக் காரணம் என்று அங்கே இருக்கிறது. கதவைச் சாத்துகிறவர் அவரல்ல, மகளே. அவரைக் கேள்விப்படாதவர்களின் கதி என்ன என்றும் கேட்டாய். சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்டாரே, அந்த நம்பிக்கையோடு அதை அவரிடம் விட்டுவிடுகிறேன். நீ கேள்விப்பட்டவள்.

பேலிக்ஸைப் பற்றி இந்த நாட்களில் அதிகம் யோசிக்கிறேன். அப்போஸ்தலர் இருபத்துநான்காம் அதிகாரம். ரோமத் தேசாதிபதியான அவன், மனைவி துருசில்லாளோடு உட்கார்ந்து, சிறைப்பட்டிருந்த பவுலை வரவழைத்துக் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டான். நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு என்று பவுல் பேசப்பேச அவனுக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயம் எவ்வளவு பெரிய தயவு! அவனோ, இப்போது நீ போகலாம், சமயம் கிடைக்கும்போது அழைக்கிறேன் என்று அனுப்பிவிட்டான். அழைக்காமலும் இல்லை. பணம் கிடைக்குமென்று பலமுறை அழைத்துப் பேசினான். ஆனால் இரண்டாம் முறை பயந்தான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. பதவி மாறிப் போகும்போது பவுலைக் கட்டுண்டவராகவே விட்டுவிட்டுப் போனான். கிறிஸ்து வேண்டாம் என்று அவன் ஒருநாளும் சொன்னதாக வேதத்தில் இல்லை. சொல்லாமலே பதில் சொல்லிவிட்டான். சிறுவயதிலிருந்து ஆலயத்தில் வளர்ந்த உனக்கும் எனக்கும் இருக்கிற ஆபத்து இதுதான்.

தாத்தா கடைசியில் மனந்திரும்பினாரே என்பாய். அந்தக் கட்டிலருகில் நீயும் நின்றாய். உண்மைதான், இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனுக்கும் அன்றைக்கே பரதீசு கிடைத்தது. ஆனால் மத்தேயுவைப் பார், முதலில் இரண்டு கள்ளரும் நிந்தித்தார்கள். இருவருக்கும் ஒரே மலை, ஒரே வேதனை, நடுவில் ஒரே இயேசு. ஒருவன் ‘அடியேனை நினைத்தருளும்’ என்றான். மற்றவனுக்கும் அதே நேரம்தான் இருந்தது, அவன் கேட்கவில்லை. தாத்தாவுக்குக் கிடைத்த அந்த மூன்று நாள் யாருக்கும் எழுதிக்கொடுத்ததல்ல.

எனக்காக நீ ஆலயத்துக்குப் போகவேண்டாம். எங்கள் விசுவாசம் உன் கணக்கில் ஏறாது. சந்தேகம் இருந்தால் அதை ஒளிக்காமல் அவரிடமே கொண்டுபோ. யூதருடைய போதகரான நிக்கொதேமு இராத்திரியில் இயேசுவிடம் வந்து, முதிர்ந்த மனிதன் எப்படி மறுபடியும் பிறக்கமுடியும் என்று தர்க்கம் செய்தவர். அவர் போதகராயிருந்தும் இயேசு சலித்துக்கொண்டு அனுப்பிவிடவில்லை. சீஷர்கள் சிதறிப்போன நாளில் அவர்தான் வெள்ளைப்போளமும் கரியபோளமும் என்ற வாசனைப்பொருள்களை ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்து இயேசுவின் அடக்கத்துக்கு நின்றார். கேள்வி கேட்டு நிற்கிறவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நீ கேட்பதையும் நிறுத்திவிட்டாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீயாவது நேரத்துக்குத் தூங்கு. இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது, பேசும்போது காட்டிக்கொள்ளாதே. கோபமாக இருந்தாலும் பதில் எழுது. இரண்டு வரியானாலும் போதும்.

ஜெபத்துடன்,
அப்பா