புகையில்லாத போகிக்கும் நன்றி

28 வாரத்தில், 980 கிராம் எடையோடு பிறந்த எங்கள் மகன், நேற்று முன்தினம் மூக்கில் குழாய் இல்லாமல் இரவு முழுவதும் தூங்கினான். காலில் மாட்டிய, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி விடியும்வரை 96, 97 என்றே காட்டியது. அதைப் பார்த்த கண்ணோடு இந்த மடலை எழுதுகிறேன்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு முதல் வணக்கம். பிறந்தபோது அவன் அழவில்லை, முனகினான். நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் அவனுக்குப் போதுமான அளவு சுரந்திருக்கவில்லை. அதை மருந்தாகச் செலுத்தி, காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சி-பேப் கருவியை மூக்கில் வைத்து அவனைக் காப்பாற்றினார்கள். கர்ப்பக் கணக்கில் 36 வாரம் நிறைந்தும் ஆக்சிஜனை எடுக்க முடியவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் நோய், பிபிடி என்றார்கள். நான் இடிந்துபோனேன். "இந்த வயதில் புதிய காற்றுப்பைகள் உண்டாகிக்கொண்டே இருக்கும். எடை ஏறட்டும் அம்மா, நுரையீரலும் வளரும்" என்றார் மருத்துவர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம்.

இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் எனக்கு மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்தார். சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் தப்பாகிவிடும், பச்சைக் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குப் பிறகு 50-ஐத் தொட்டால் ஆபத்து. நெஞ்சு உள்வாங்கினால் எண்ணிக்கொண்டு நிற்காதே, கிளம்பு என்றார். டிசம்பரில் ஒரு நள்ளிரவில் 64 எண்ணினேன். நெஞ்சும் குழிந்தது. பக்கத்துச் சந்து ஆட்டோ அண்ணன் ஆக்சிஜன் சிலிண்டரைத் தன் காலருகே இடுக்கிக்கொண்டு, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றுவரை அவர் காசு வாங்கவில்லை.

மின்சாரம் போன இரவுகளில் ஆக்சிஜன் இயந்திரம் நிற்காமலிருக்க எதிர்வீட்டு அக்கா தன் இன்வெர்ட்டரிலிருந்து சந்தின் குறுக்கே ஒயர் இழுத்துக் கொடுத்தார். தன் வீட்டு மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொடுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. என் மாமியார், தான் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் போட்ட சாம்பிராணியை இந்தப் பேரனுக்காக நிறுத்தினார். கொசுவர்த்தி போய் வலை வந்தது.

போகியை எப்படிச் சொல்வேன்! காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அன்றைய விடியலில் டயர் புகை எப்படி இறங்கும் என்று தெரியும். தண்ணீர் லாரி வரிசையில் ஒரே ஒருவரிடம்தான் என் பயத்தைச் சொன்னேன். மறுநாள் தெருவே முடிவெடுத்துவிட்டது. பழைய பாயும் தலையணையும் மாநகராட்சி வண்டியில் ஏறின. பிள்ளைகள் நெருப்பில்லாமல் மேளம் மட்டும் கொட்டினார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தே கேட்டேன்.

ஆக்சிஜன் தரும் இயந்திரம் வண்ணாரப்பேட்டைக் குடும்பம் ஒன்று இரவலாகத் தந்தது. அவர்கள் சொன்னபடியே அடுத்த குழந்தைக்குத் தயாராக வைத்திருக்கிறோம். வடிகட்டியைக் கழுவிக் காயவைத்தாயிற்று, மூக்குக் குழாய் புதிதாக வாங்கியாயிற்று. காலடிப்பேட்டைக் குழந்தையின் அப்பா எந்த நேரத்திலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.