உயிரியல் விடைக்குறிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பெரிய மூலக்கூறுகள் செல் சவ்வைக் கடக்கும் விதத்தை விளக்கக் கோரிய வினாவுக்குத் தாங்கள் வகுத்தளித்த விடைக்குறிப்பை முன்னிட்டே இம்மடலை எழுதுகிறேன். திடப்பொருளை விழுங்குவது ஃபேகோசைட்டோசிஸ், திரவத்தை உறிஞ்சுவது பினோசைட்டோசிஸ் என்ற இரண்டு வரையறைகளுக்கு மட்டுமே அதில் மதிப்பெண் உண்டு. என் மாணவி ஒருத்தி, இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்.டி.எல். துகள் செல்லுக்குள் புகும் முறையை, அதாவது ஏற்பிவழி எண்டோசைட்டோசிஸை, விரிவாக எழுதியிருந்தாள். அவ்விடைக்கு மதிப்பெண்ணே இல்லை. மறுமதிப்பீடு கோரியபோதும், விடைக்குறிப்பில் இல்லாததை ஏற்க இயலாது என்றே பதில் வந்தது.

அவள் எழுதியதில் பிழை எது என்பதைத் தாங்கள்தாம் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 22 நானோமீட்டர் விட்டமுள்ள அத்துகளால் சவ்வின் கொழுப்பு அடுக்குகளை ஊடுருவவும் முடியாது, அயனிகள் செல்லும் புரதத் துளைகளில் நுழையவும் முடியாது. ஆகையால் சவ்வின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பி என்னும் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. உட்புறம் கிளாத்ரின் புரதம் படிந்த குழிகளில் இத்தகைய ஏற்பிகள் திரள, குழி ஆழமாகிக் கழுத்து இறுகி ஒரு நுண்பையாகப் பிரிகிறது. உள்ளே அமிலத்தன்மை கூடியதும் ஏற்பி துகளை விடுவித்துவிட்டு மேற்பரப்புக்குத் திரும்ப, துகளோ செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைந்து கொலஸ்ட்ராலைத் தருகிறது. இவ்வழியைக் கண்டு விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

சிலரது ஏற்பி துகளைச் சரியாகப் பற்றினாலும், செல்லுக்குள் நீளும் அதன் வால்பகுதியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதால் குழியில் சேராமல் நின்றுவிடுகிறது என்பதையும் அவள் குறிப்பிட்டிருந்தாள். பற்றுவது ஒரு படி, உள்ளே கொண்டுசெல்வது வேறொரு படி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான ஏற்பி மரபணுவைப் பெற்ற குழந்தைகளுக்கு, கொலஸ்ட்ரால் இரத்தத்திலேயே தேங்குவதால், பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரக்கூடும். இத்தனையும் புரிந்துகொண்ட மாணவிக்கு மதிப்பெண் இல்லை. வரையறையை மனப்பாடம் செய்தவருக்கு முழு மதிப்பெண். அடுத்த ஆண்டு மாணவர்களை நான் எதைப் படிக்கச் சொல்வது?

இன்சுலின் நுண்பைகள் வழியாக வெளியேறும் எக்ஸோசைட்டோசிஸுக்கும் அக்குறிப்பில் இடமில்லை. வினா உள்ளே செல்வதை மட்டும் கேட்கவில்லையே!

ஏற்பிவழி எண்டோசைட்டோசிஸையும் எக்ஸோசைட்டோசிஸையும் சரியான விடையாக ஏற்று விடைக்குறிப்பைத் திருத்துமாறும், அவ்வாறு எழுதிய அனைவரின் விடைத்தாள்களையும் மீண்டும் மதிப்பிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிச் சேர்க்கை தொடங்குமுன் இதைச் செய்தால்தான் அம்மாணவிக்குப் பயன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்