டங் ஆற்றங்கரை டீச்சருக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நாவல் அச்சுக்குப் போய்விட்டது. 1886 இலையுதிர்காலத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அமெரிக்காவில் மோன்டானாவின் டங் ஆற்றங்கரையிலுள்ள மைல்ஸ் சிட்டி ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய நம் டீச்சரம்மா, 1888 வசந்தத்தில் மனைவியை இழந்த மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பண்ணைக்காரரின் மகள் ஒரு கையில் அப்பாவையும் மறு கையில் டீச்சரையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அட்டையில் என் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே யார் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பதை ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல். உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், செய்த உதவியை மட்டும் சொல்கிறேன்.

இது மென்மையான காதல் கதை. துப்பாக்கிச் சண்டை கிடையாது. இருவரும் கடைசி அத்தியாயம் வரை ஒருவர் கையை ஒருவர் பிடிப்பதில்லை. அப்படிப்பட்ட கதையில் அன்பு முழுக்கச் சின்னச் சின்ன வேலைகளில்தான் தெரிய வேண்டும். விறகு கொண்டு வந்து போடுவதில், குதிரைக்குச் சேணம் பூட்டித் தருவதில், மாட்டுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பதில். அந்த வேலைகள் பொய்யாக இருந்தால் காதலும் பொய்யாகிவிடும். அதனால்தான் உங்களை எல்லாம் இவ்வளவு தொந்தரவு செய்தேன்.

முதலில் ஈரோட்டுப் பக்கத்துக் கால்நடை டாக்டர் சார். 1886-87 குளிர்காலம் மோன்டானா மாட்டுப் பண்ணைகளைச் சூறையாடிய காலம். பல இடங்களில் பாதிக்கு மேல் மாடுகள் செத்தன. படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. பனிக்கு அடியில் புல் இருந்தது. அதே சமவெளியில் காட்டெருமைகள் எத்தனையோ குளிர்காலங்களைத் தாண்டி வாழ்ந்திருக்கின்றன. குதிரைகளும் சமாளித்துக்கொண்டன. மாடு மட்டும் ஏன் இப்படிக் கொத்துக்கொத்தாகச் செத்தது?

சார் போனில் பொறுமையாக விளக்கினார். குதிரை முன்னங்குளம்பால் பனியைப் பறித்துப் புல்லை எடுக்கும். காட்டெருமை தலையை இடமும் வலமும் வீசிப் பனியைத் தள்ளும். மாட்டுக்கு இரண்டும் வராது, மூக்கால் முட்டத்தான் தெரியும். பனி கொஞ்சம் உருகி மறுபடி உறைந்து மேலே கண்ணாடி மாதிரி ஏடு கட்டிவிட்டால், முட்டுகிற மூக்கும் கிழியும், நடக்கிற காலும் கிழியும். போதாததற்கு அந்தக் கோடையில் மழை பொய்த்திருந்தது. புல் குறைவு, மந்தைகளோ அளவுக்கு மீறி. மாடுகள் மெலிந்த உடம்போடுதான் குளிருக்குள் நுழைந்தன. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கும், பள்ளமோ வேலியோ மறிக்கிற இடத்தில் ஒன்றோடொன்று நெருக்கி நின்று சாகும் என்றார். வாயில்லா ஜீவன்களைப் பற்றி அவர் சொன்ன அந்தப் பேச்சு அப்படியே பதினோராம் அத்தியாயமாகியிருக்கிறது. அந்தக் குளிரில் மோன்டானாவின் ஜூடித் பேசின் பகுதியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சார்லஸ் ரஸ்ஸல், மந்தை எப்படி இருக்கிறது என்று முதலாளியிடமிருந்து வந்த கடிதத்துக்குப் பதிலாக, எலும்பும் தோலுமாக நிற்கும் ஒற்றை மாட்டைச் சின்னதாக வரைந்து அனுப்பினார். பின்னால் பெரிய ஓவியரானார். அந்தப் படத்தை டாக்டர் சாருக்கு அனுப்பினேன். மாட்டின் இடுப்பெலும்பைப் பார்த்தே இது எத்தனை நாள் பட்டினி என்று கணக்குச் சொன்னார்.

கன்று ஈனும் காட்சியும் அவர் தந்ததுதான். கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தால் அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. வலி ஓய்கிற இடைவெளியில் கன்றைச் சற்று உள்ளே தள்ளி, குளம்பு கர்ப்பப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கையால் மூடி, காலை நீட்டிவிட்டு, அப்புறம்தான் கயிறு போட வேண்டும். பண்ணைக்காரரின் கை பெரிது, உள்ளே திரும்ப இடமில்லை. டீச்சரின் கை சிறிது. லாந்தர் வெளிச்சத்தில் அவர் சொல்லச் சொல்ல டீச்சர் செய்கிறார். விடியும்போது கன்று எழுந்து நிற்கிறது. அந்த இடத்தில்தான் இருவர் மனமும் ஒன்றானது என்று படித்தவர்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். சார், அந்தப் பாராட்டு உங்களுக்கு உரியது.

அடுத்து, திருநெல்வேலிச் சீமையில் ஓராசிரியர் பள்ளி நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர். ஒரே அறையில் ஐந்து வயதுக் குழந்தையும் பதினாறு வயதுப் பையனும் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பாடம் நடத்துவது என்று கேட்டேன். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தரும், அந்த நேரத்தில் நடுவில் இருப்பவர்களுக்குக் கணக்குப் பார்க்கலாம், முரட்டுப் பையனிடம் அடுப்பையும் மணியையும் ஒப்படைத்துவிட வேண்டும், பொறுப்பு வந்தால் அடங்கிவிடுவான் என்றார். மேற்கு அமெரிக்க எல்லைப்புறப் பள்ளிகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஓர் அறை, நடுவில் இரும்பு அடுப்பு, சிலேட்டு, வீட்டில் எந்தப் புத்தகம் இருந்ததோ அது. மக்கஃபி வாசகம் என்ற பள்ளிப் பாடநூல் 1836இலிருந்து அச்சில் இருந்ததால் தாத்தா படித்த பிரதியைப் பேரன் தூக்கிக்கொண்டு வருவதும் உண்டு. உழவும் அறுவடையும் வந்தால் பெரிய பையன்கள் மட்டம் போட்டுவிடுவார்கள். இதைச் சொன்னதும் டீச்சர் சிரித்துவிட்டு, "எங்க ஊர்ல நடவு சமயத்துல பாதி வகுப்பு காலி" என்றார்.

சம்பளம் குறைவு என்பதால் டீச்சர்கள் மாணவர்கள் வீடுகளில் முறை வைத்துத் தங்கிச் சாப்பிடும் வழக்கம் அங்கே இருந்தது. கல்யாணமாகாத பெண், மனைவியை இழந்தவர் வீட்டில் தங்க முடியாது. அதனால் பண்ணைக்காரர் தன் முறை வரும் வாரத்தில் மாட்டிறைச்சியும் விறகும் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். கதவைத் தட்ட மாட்டார். இந்தச் சம்பவத்தை எங்கே வைப்பது என்று தடுமாறியபோது, முதல் பனி விழுவதற்கு முன்னால் வை, அப்போதுதான் பனி விழுந்த பிறகு வாசலில் அவருடைய பூட்ஸ் தடம் தெரியும்போது படிப்பவருக்கு உடனே புரியும் என்று யோசனை சொன்னதும் இதே டீச்சர்தான்.

1888 ஜனவரி 12 பற்றியும் அவரிடம் நிறையப் பேசினேன். டகோட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் காலையில் இதமான வெயில், பிள்ளைகள் கனத்த கோட்டு இல்லாமல் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அப்புறம் திடீரென்று பனிப்புயல். ஏறக்குறைய 235 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள், அவர்களில் நிறையப் பேர் வீடு திரும்பிய பிள்ளைகள். நெப்ராஸ்காவில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் டீச்சர், பள்ளிக்கூரையைக் காற்று பிய்த்தெறிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து எல்லோரையும் காப்பாற்றினார். இதைக் கேட்ட திருநெல்வேலி டீச்சர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கூரை நின்னிருந்தா உள்ளேயே வச்சிருந்திருப்பா. பெஞ்சை உடைச்சு அடுப்புல போட்டிருப்பா" என்றார். என் டீச்சரம்மா பெஞ்சை உடைத்து எரிக்கும் பக்கம் அப்படி வந்தது.

மோன்டானாவின் பில்லிங்ஸ் நகரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கடுங்குளிரில் காரை எடுத்துக்கொண்டு மைல்ஸ் சிட்டிக்குப் போய், டங் ஆறு யெல்லோஸ்டோன் ஆற்றில் சேரும் இடத்தை வீடியோ எடுத்து அனுப்பினார். மிதிக்கும்போது பனி கிறீச்சிடும் ஓசை, மூச்சை இழுத்தால் மூக்குமுடி உறைவது, இலையுதிர்ந்த காட்டன்வுட் மரங்கள், எல்லாம் அவர் கண்டும் கேட்டும் சொன்னவை. சினூக் என்ற வெதுவெதுப்பான காற்று மலையிறங்கி வந்தால் சில மணி நேரத்தில் பனி உருகிக் கூரையிலிருந்து சொட்ட ஆரம்பிப்பதையும் அவர்தான் விவரித்தார். தம்பி, பத்திரமாக ஓட்டிப் போய் வந்ததற்கே தனியாக ஒரு நன்றி.

நிலச் சட்டத்தைப் படித்துச் சொன்ன வக்கீல் அம்மாவை மறக்க முடியாது. 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயது நிரம்பிய மணமாகாத பெண்ணும் 160 ஏக்கர் அரசு நிலம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். ஐந்து வருஷம் அங்கே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். காத்திருக்க முடியாதவர் ஆறு மாதம் குடியிருந்த பிறகு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம், 160 ஏக்கருக்கு 200 டாலர். கணவனோடு வாழும் மனைவிக்குத் தன் பெயரில் கேட்கும் உரிமை கிடையாது. கௌபாயின் மாதச் சம்பளமே 30, 40 டாலராக இருந்த காலத்தில் 200 டாலர் எவ்வளவு பெரிய தொகை! வக்கீல் அம்மா ஒரே வார்த்தை சொன்னார்: "பத்திரம் அவ பேருக்கு வந்தப்புறம் கல்யாணத்தை வை." பண்ணைக்காரர் பணம் தருகிறேன் என்கிறார், டீச்சர் வாங்கவில்லை. தன் சம்பளத்தில் சேர்த்துக் கட்டுகிறார். பண்ணைக்காரர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புத்தான் என் கண்ணில் அவருடைய காதலின் அளவு. அவசரப்படுத்துகிற கதாநாயகனை எழுத எனக்கு விருப்பமில்லை.

பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து எல்லோரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கும் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்கும் நன்றி. அன்றைய மாட்டு விலையும் மளிகை விளம்பரமும் அங்கே கிடைத்தவைதான்.

இனி, எனக்குக் கடிதம் எழுதிய அக்கா. சின்ன வயதில் அம்மாவை இழந்தவர். சில வருஷம் கழித்து அப்பா மறுமணம் செய்துகொண்டார். என் நாவலின் முதல் சில அத்தியாயங்களைப் படித்துவிட்டு அவர் எழுதினார்: அப்பா அம்மாவின் பெயரை அதற்கப்புறம் வாயால் சொன்னதே இல்லை. அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று ஒருநாள் சித்திதான் கேட்டாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சொந்தமானாள்.

அக்கா, உங்கள் கடிதம் வந்த வாரம் நான் தியோடர் ரூஸ்வெல்ட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1884 பிப்ரவரி 14 அன்று, ஒரே நாளில், ஒரே வீட்டில், அவருடைய அம்மாவும் மனைவியும் இறந்தார்கள். மகள் பிறந்து இரண்டே நாள். டைரியில் பெரிய பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு, தன் வாழ்வின் ஒளி அணைந்துவிட்டது என்று எழுதினார். கைக்குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு டகோட்டாவில் இருந்த தன் மாட்டுப் பண்ணைக்குப் போனார். 1886இல் மறுமணம் செய்துகொண்டார். பின்னால் அமெரிக்க ஜனாதிபதியும் ஆனார். ஆனால் 1913இல் வெளிவந்த தன்வரலாற்றில் முதல் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இவ்வளவு பேசிய, இவ்வளவு எழுதிய மனிதரால் அந்த ஒரு பெயரை மட்டும் எழுத முடியவில்லை.

உங்கள் அப்பாவும் ரூஸ்வெல்ட்டும் என் பண்ணைக்காரருக்குள் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவரும் பேச மாட்டார். மனைவியின் சால்வை கொக்கியிலேயே தொங்கும், யாரும் தொடக் கூடாது. மகளுக்கு அம்மாவின் முகம் மறந்துகொண்டே வருகிறது, அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பள்ளியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் ஒருநாள் அவளிடம், உன் அம்மா பெயரை எழுதத் தெரியுமா என்று கேட்கிறார். குழந்தை சிலேட்டில் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். அப்பா அதைப் படிக்கிறார், வாய்விட்டு. எழுதி முடித்துவிட்டு நான் வெகுநேரம் அழுதேன். இந்த நாவலில் ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடு என்றால், இந்தப் பக்கத்தைத்தான் வைத்துக்கொள்வேன். உங்கள் சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்த ஆற்றங்கரை அதற்கு முன் யாருடையது என்று கேட்ட தங்கைக்கும் நன்றி. பூர்வகுடி மக்கள் அமெரிக்க ராணுவத்தை எதிர்த்து நின்ற லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்தது 1876. அந்தப் பூர்வகுடிகளில் ஒரு பிரிவான வடக்கு ஷையென் மக்களுக்கு டங் ஆற்றுப் பக்கம் நிலம் ஒதுக்கியது 1884. காட்டெருமைகளை அடியோடு கொன்று தீர்த்து, எலும்புகளை ரயிலில் ஏற்றி உரத்துக்கு அனுப்பிய வருஷங்களும் அவைதான். இனிமையான காதல் கதைக்குள் இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பண்ணையே அந்த வெறுமையில்தான் எழுந்தது. எலும்புக் குவியலைப் பார்த்து மகள் கேட்கிறாள், அப்பா மழுப்பாமல் பதில் சொல்கிறார். அவரை நல்ல மனிதர் என்று நான் நம்புவதற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம்.

ஒற்றெழுத்து ஒன்றுகூடத் தப்பாமல் பிழை திருத்திய ஐயா, அட்டைக்கு வெறும் சமவெளியையும் புகை வரும் ஒரே ஒரு பள்ளிக்கூடத்தையும் வரைந்த ஓவியர், முத்தக் காட்சி ஒன்றாவது வேண்டும் என்று கேட்காத பதிப்பாளர், மூவருக்கும் நன்றி. நான் எழுத உட்கார்ந்தால் போனை வாங்கி வைத்துக்கொண்ட என் அம்மாவுக்கும், இரவுச் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட என் கணவருக்கும் தனியாகச் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்.

புத்தகம் வந்ததும் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி வரும். டாக்டர் சாருக்கு இரண்டு, ஒன்று அவருடைய மருத்துவமனைக்கு. ஓய்வு பெற்ற டீச்சருக்குப் பெரிய எழுத்தில் தனியாக அச்சடித்துத் தருவதாகப் பதிப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வீடு மாறியவர்கள் மட்டும் புது முகவரியை எனக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் எழுத்தாளர்