எங்கள் பிள்ளைகளையும் அதே பக்கத்துக்குக் கூட்டி வந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் விசேட கல்வி ஆசிரியை. அச்சுப் புத்தகத்தை வாசிக்க முடியாத எங்கள் பிள்ளைகளுக்குப் பாடநூல்களை அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் மாற்றித் தர உதவிய உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் உதவியவர்களில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை, ஒருவர் முடித்துக் கொடுத்த வேலையை வைத்துத்தான் அடுத்தவர் தொடங்கினார் என்பதுகூட உங்களில் பலருக்குத் தெரியாது, அதனால் எல்லாரும் வாசிக்கிற மாதிரி இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் சொல்லிவிட்டீர்கள், சரி, போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும்.

நம் நாட்டில் 1980 முதல் பாடநூல் இலவசம். வருடத் தொடக்கத்தில் புதுப் புத்தகம் கைக்கு வரும்போது எல்லாப் பிள்ளைகளும் முதலில் அதை மணந்து பார்ப்பார்கள், எங்கள் பிள்ளைகளும்தான். ஆனால் கண் தெரியாத பிள்ளைக்கும், பார்வை மிகக் குறைந்த பிள்ளைக்கும், கை ஒத்துழைக்காததால் பக்கம் புரட்ட முடியாத பிள்ளைக்கும், எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பிப்போவதால் ஒரு வரியைத் தாண்டவே தவிக்கிற பிள்ளைக்கும் அந்தப் புத்தகம் அதோடு மூடிக்கொள்ளும். பிறகு யாராவது வாசித்துக் காட்டினால் உண்டு. அம்மாவுக்கு வேலை முடிந்தால் உண்டு. அக்காவுக்குப் பரீட்சை இல்லாவிட்டால் உண்டு.

பிடிஎஃப் கோப்புகள்தான் இருக்கின்றனவே, கணினியில் போட்டு வாசிக்க வைக்கலாமே என்றுதான் நாங்களும் தொடங்கினோம். என்.வி.டி.ஏ என்ற, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் இலவசம். அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் தெயோடு சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது. அதோடு வருகிற ஈஸ்பீக் குரலில் தமிழும் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும், எங்கள் கைக்கு வந்த பாடக் கோப்புகள், செயலட்டைகள், கடந்தகால வினாத்தாள்கள் பலவற்றைத் திறந்தால் குரல் ஏதோ ஆங்கில எழுத்துகளைக் கொட்டிக்கொண்டே போனது. திரையில் அழகான தமிழ், காதில் குப்பை. கணினிதான் பழுது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது காரணத்தைக் கண்டு சொன்னது வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த தம்பி. அவரும் பார்வையற்றவர், இந்தத் தொல்லையோடேயே பட்டம் வாங்கியவர்.

அவர் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு பாடசாலைகளுக்கும் உதவும். நம் ஊரில் தட்டச்சு செய்பவர்களில் பலர் இன்னமும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கணினி தமிழாகவே அடையாளம் காண வைக்கிற பொதுக் குறிமுறைதான் யுனிகோட். பாமினி யுனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திவிட்ட ஏற்பாடு அது. 'தமிழ்' என்று நாம் காண்கிற இடத்தில் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. கண்ணால் வாசிப்பவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை, அதனால்தான் இவ்வளவு காலமாக யாரும் கவனிக்கவும் இல்லை. உள்ளே இருப்பதை அப்படியே வாசிக்கிற திரைவாசிப்பானுக்கு அங்கே தமிழே கிடையாது. தம்பி, நீங்கள் அன்று அந்த அரைப்புள்ளி வரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் காட்டியிராவிட்டால் நாங்கள் புதுக் கணினி வாங்கக் காசு சேர்க்கத் தொடங்கியிருப்போம். உங்களுக்கு என் முதல் நன்றி.

இரண்டாவது நன்றி களுவாஞ்சிக்குடியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு. பாமினியை யுனிகோடாக மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, சுரதாவின் பொங்குதமிழ் நம் ஆட்கள் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாற்றியில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்தில் உண்மையிலேயே ஆங்கிலத்தில் இருந்த எழுத்துகளையும் அது தமிழாக்கிவிடும். விஞ்ஞானப் பாடத்தில் காபனீரொட்சைட்டின் சூத்திரம் 'ஊழு2' என்று வந்து நின்றது. ஒரு பிள்ளை அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டுப் பரீட்சைக்குப் போயிருந்தால் என்ன ஆவது? அக்கா ஒவ்வொரு சூத்திரமாக, ஒவ்வொரு அலகாக, அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துத் திருத்தினார், கடையில் போட்டோக்கொப்பிக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிற நேரத்திலும். காசைப் பற்றிக் கேட்டால், "அத மறுகா பாப்பம்" என்பதுதான் பதில். அந்த மறுகா இன்னும் வரவில்லை, அக்கா.

எழுத்தே இல்லாமல் வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்ட கோப்புகள் வேறு இருந்தன. அவற்றைக் கூகிள் டொக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும், டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் தரும். ஆனால் மங்கலான பிரதி என்றால் துணைக்கால் (ா) ரகரமாகும், ரகரம் துணைக்காலாகும், இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக ஓடும். இதைத் திருத்த வேகம் உதவாது, தமிழ் படிப்பித்துக் கொடுத்த கண்தான் வேண்டும். ஆரையம்பதியிலும் செங்கலடியிலும் கல்முனையிலும் இருக்கும் இளைப்பாறிய ஆசிரியர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். உங்களில் ஒருவர் கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது வரலாற்றுப் புத்தகத்தின் மிச்சப் பக்கங்களை. மனம் நிறைந்த நன்றி சேர்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன். எழுத்துச் சரியானதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கோப்பை வகுப்பில் கொடுத்தோம். ஆசிரியர் "47ஆம் பக்கத்தை எடுங்க" என்றதும் மற்றப் பிள்ளைகள் புரட்டினார்கள், எங்கள் பிள்ளை முதலாம் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள், 47க்கு வருவதற்குள் பாடவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. இதற்கும் வழி சொன்னவர் அதே தம்பிதான். பாடத் தலைப்புகளைப் பெரிய எழுத்தில் கறுப்பாக்கினால் போதாது, வேர்டில் உள்ள தலைப்புப் பாணியையே போட வேண்டும், அப்போதுதான் வாசிக்கும் நிலையில் ஹெச் விசையை அழுத்தத் தலைப்புத் தலைப்பாகத் தாவலாம். அச்சுப் புத்தகத்தின் பக்க எண் ஒவ்வொன்றையும் ஆறாம் நிலைத் தலைப்பாகப் போட்டால், 6ஐ அழுத்தப் பக்கம் பக்கமாகத் தாவலாம், பக்க எண்ணைத் தேடியும் போகலாம். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் இதைச் செய்து கொடுத்த பிறகு ஒரு நாள் அந்தப் பிள்ளை, "மிஸ், நான் 47ல நிக்கிறன், இவன் இன்னும் தேடுறான்" என்று பக்கத்தில் இருந்தவனைக் காட்டினாள். வகுப்போடு ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் நிற்பதுதான் எங்கள் பிள்ளைகள் கேட்டது. தனிப் பாடம் வேண்டும், லேசான பாடம் வேண்டும் என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. விடுமுறை முழுவதும் இருந்து அந்தப் பக்க எண்களைப் போட்டுத் தந்த உயர்தர மாணவர்களே, நன்றி பிள்ளைகளே.

காத்தான்குடியில் இருந்து பழைய லெப்டொப்களைத் திருத்தித் தந்த தம்பி, பற்றரி மாற்றிய காசைக்கூட வாங்கவில்லை. உங்கள் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வீட்டில் ஒரே ஒரு போன், அதையும் அப்பா வயலுக்குக் கொண்டுபோய்விடுவார், டேட்டாவும் இல்லை என்ற வீடுகளை நினைத்து மெமரி கார்டில் எல்லாவற்றையும் ஏற்றித் தந்ததும், அன்ட்ரொயிட் போனில் டோக்பேக் என்ற திரைவாசிப்பானை எப்படிப் போடுவது என்று பெற்றோருக்குப் பொறுமையாகக் காட்டியதும் நீங்கள்தான்.

பார்வை குறைந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தை ஏ3 தாளில் பெரிதாக்கிக் கொடுப்பதுதான் வழக்கம். அந்தத் தாள் மேசையை மூடிவிடும், கொப்பி வைக்க இடம் இருக்காது, பிள்ளையும் கொஞ்ச நாளில் வெட்கப்பட்டு அதை விரிக்காமலே இருந்துவிடும். யுனிகோட் கோப்பு கையில் வந்த பிறகு சாதாரண ஏ4 தாளிலேயே 24 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எடுத்தோம். பக்கம் கூடும்தான். அந்தத் தாளையெல்லாம் இலவசமாகத் தந்த அச்சகத்தாருக்கு நன்றி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்பது மட்டும் போதாது. கேட்டே படித்த ஒரு பிள்ளை மாரி பற்றிய கட்டுரையில் 'வெல்லம் வந்தது' என்று எழுதியிருந்தாள். அந்தக் குரலில் லகரமும் ளகரமும் அவளுக்கு ஒன்றாகத்தான் கேட்டன, அவளில் என்ன பிழை? பிரெயிலில் ல 1, 2, 3ஆம் புள்ளிகள், ள 4, 5, 6ஆம் புள்ளிகள். விரலுக்கு இரண்டும் ஒருநாளும் குழம்பாது. ஆகவே கணினி வந்துவிட்டது, இனிப் பிரெயில் எதற்கு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து புள்ளி படிப்பித்துத் தருகிற டீச்சர், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதும் எங்கள் பிள்ளைகள் உங்களுக்குக் கடமைப்பட்டவர்கள்.

படங்களுக்கும் வரைபடங்களுக்கும் எந்த மென்பொருளும் எங்களுக்குக் கைகொடுக்கவில்லை. இலங்கைப் படத்தில் ஆறுகளின் மேல் கம்பளி நூல் ஒட்டி, வாவியை மணல் தூவிக் காட்டி, மாகாண எல்லைக்குத் தடித்த கயிறு வைத்துத் தந்தது தாய்மார். பூவின் நெடுக்குவெட்டு முகத்தை எப்படிச் சொல்லால் எழுதுவது என்று நான் தடுமாறியபோது விஞ்ஞான டீச்சர் சொன்னது இப்போதும் எனக்குச் சட்டம்: "என்ன இருக்குதோ அதச் சொல்லுங்க, விடையச் சொல்லிப்போடாதீங்க."

புத்தகத்தை இப்படி மாற்றலாமா, பதிப்புரிமைச் சிக்கல் வருமா என்று பயந்தோம். மட்டக்களப்பு நகரில் இருந்து ஒரு சட்டத்தரணி வந்து விளக்கினார். அச்சுப் புத்தகத்தை வாசிக்க முடியாதவர்களுக்காக அதை அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் மாற்ற வழிசெய்யும் சர்வதேச ஒப்பந்தமான மரக்கேஷ் உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்தது, அதே 2016இல் இலங்கையும் சேர்ந்தது, அது கண் தெரியாதவர்களுக்கு மட்டும் அல்ல, புத்தகத்தைப் பிடிக்கவோ புரட்டவோ முடியாதவர்களுக்கும், வாசிப்பதில் குறைபாடு உள்ளவர்களுக்கும் உரியது என்றார். எந்த வரம்புக்குள் நிற்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுதித் தந்தார். அதன்பிறகுதான் பயமில்லாமல் வேலை செய்தோம். நன்றி ஐயா.

கடைசியாக எங்கள் பாடசாலை ஆசிரியர்களுக்கு. மற்றவர்களின் உதவியைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரியது. செயலட்டையை வகுப்பில் கொடுக்கிற அன்று காலையில் தராமல், முதல் நாளே வட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பத் தொடங்கினீர்கள், அதுவும் போட்டோ எடுத்து அனுப்பாமல். அந்த ஒரு நாள் கையில் இருப்பதால்தான் நான் திருத்தி, தலைப்புப் போட்டு, மற்றவர்களுக்குக் கிடைக்கிற அதே பாடவேளையில் எங்கள் பிள்ளைக்கும் கொடுக்க முடிகிறது. அதற்கு அனுமதி தந்து, தவணைப் பரீட்சை வினாத்தாளுக்கும் அதே வழி செய்த அதிபருக்கும் நன்றி.

கணிதப் புத்தகம் இன்னும் முடியவில்லை. பின்னங்களையும் சமன்பாடுகளையும் எப்படிக் கேட்க வைப்பது என்று வந்தாறுமூலைத் தம்பியும் கணித சேரும் இப்போதும் இருந்து பார்க்கிறார்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உங்கள் பாடசாலையில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், முடிந்த பாடங்களின் கோப்புகளைக் கேளுங்கள், அந்தப் பிள்ளைக்காகத் தருகிறோம், பென்ட்ரைவ் ஒன்றைக் கொடுத்தனுப்பினால் போதும். வினாத்தாள் தட்டச்சு செய்பவர்களே, அடுத்த தவணைக்கு அடிக்கும்போது யுனிகோடில் அடியுங்கள். கைப்பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை, பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யுனிகோடில் அடிக்கலாம். எப்படி என்று களுவாஞ்சிக்குடி அக்காவிடம் கேளுங்கள், காட்டித் தருவார்.